இரண்டாவது படிக்கட்டு

பிப்ரவரி 6

என் அருமை மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அவளுடைய முழங்கால் வலி ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது. என் காது அப்படியேதான். போனில் நீ பேசினால் எனக்குக் கேட்பது வெறும் இரைச்சல். முப்பது வருஷம் கலவை மெஷின் பக்கத்தில் நின்று சம்பாதித்த காது அல்லவா! ஆகையால் போனை அம்மாவோடு வைத்துக்கொள், எனக்குக் கடிதம் எழுது.

மில் பெண்கள் தங்க நீ வரைந்த விடுதிக்கு வேலை ஆரம்பித்துவிட்டோம். அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டி முடிந்தது. உன் பிளானைச் சைட் ஷெட்டின் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் லாரிக்காரன் வந்தால்கூட, "நம்ம பொண்ணு வரைஞ்சது" என்று காட்டாமல் விடுவதில்லை. ரிடையராகி வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த என்னை மில் முதலாளி கூப்பிட்டு, "பொண்ணு வரையட்டும், அப்பா நின்னு கட்டட்டும்" என்று சொன்ன அன்றைக்கே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நீ சொன்னபடி திங்கட்கிழமைக் கூட்டம் போட்டோம். முதலாளி, கான்ட்ராக்டர், கரண்ட் வேலைக்காரர், குழாய் வேலைக்காரர், பலகை அடிக்கும் சென்ட்ரிங்காரர் எல்லோரும் ஒரே ஷெட்டில். நீ எழுதி அனுப்பியதை வாசித்தேன். கெட்ட செய்தி எதுவானாலும் தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும், சொன்னவரை யாரும் திட்டக் கூடாது, அப்போதுதான் கட்டடம் உருப்படும் என்று. கான்ட்ராக்டர், "அப்படீன்னா என் வீட்டுக்காரியைத்தான் கூட்டிட்டு வரணும் சார், கெட்ட செய்தி சொல்றதுல அவளை அடிச்சுக்க ஆளே இல்ல" என்றார். முதலாளியே வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே வந்தால் மில் பெண்களில் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவதால் அவளை 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். "சார், ஒரு ரூமுக்கு எத்தனை பேரு?" என்றாள். நாலு பேர் என்றேன். "கட்டில் உண்டா?" உண்டு என்றேன். இன்னும் ஏதோ கேட்க வந்தவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் அலையாதே.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். கழுத்து வரைக்கும் வேலை, ஆனாலும் சாப்பிடுகிறேன். அம்மாவை மாடிப்படி ஏற விடாதீர்கள். காது மெஷினை நீங்கள் மேஜை டிராயரில் வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். டிராயருக்கு எதுவும் கேட்க வேண்டியதில்லை அப்பா.

டீச்சர் கேட்க வந்தது என்னவென்று எனக்குத் தெரியும். போன வருஷம் இடத்தை அளக்க வந்தபோது, அவர்கள் இப்போது தூங்கும் தகர ஷெட்டைக் காட்டினாள். மில்லுக்குப் பின்னால், ரயில் பெட்டி மாதிரி நீளம். இரண்டு பக்கமும் பாய்கள். ஒரே ஒரு கதவு. ஒருமுறை அந்தக் கதவுப் பக்கத்தில் ஸ்டவ் கவிழ்ந்து தீப்பிடித்திருக்கிறது. "கதவு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்க்கா. ஆனா நெருப்பும் அங்கதான் இருந்துச்சு" என்றாள். நெரிசலில் விழுந்து மிதிபட்ட ஒரு பெண்ணின் கை இன்றுவரை நேராகவில்லை. அந்தக் கையையும் காட்டினார்கள்.

அதனால்தான் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு படிக்கட்டு வரைந்தேன். ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கம் இறங்கலாம். முதலாளியிடம் காரணத்தைச் சொன்னேன், தலையாட்டினார். வேறு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், பெயின்ட், ஜன்னல், தரைக்கல் எதையும். இந்த இரண்டில் யாராவது கை வைக்கப் பார்த்தால் முதலில் எனக்கு எழுதுங்கள். மற்றதையெல்லாம் உங்கள் கையில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உங்கள் மகள்


ஏப்ரல் 15

அன்பு மகளுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். காது மெஷினை டிராயரிலிருந்து எடுத்து, கூட்டத்துக்கு மட்டும் மாட்டிக்கொண்டு போகிறேன். அம்மா ஒரு களிம்பு தடவுகிறாள். வீடு முழுக்க அந்த வாடைதான்.

அஸ்திவாரம் முடிந்து தூண்கள் எழும்பிவிட்டன. போன மாதம் ஒரு கூட்டத்தில் சென்ட்ரிங்காரர் எழுந்து நின்றார். "கிழக்கால ரெண்டு தூணு ஒரு சாண் தள்ளிப் போச்சு சார். என் தப்புதான். கயிறு பிடிச்சப்பவே கவனிச்சிருக்கணும்" என்றார். நான், "சொன்னீங்களே, அதுவே போதும். இடிச்சிட்டுத் திரும்பப் போடுங்க" என்றேன். கலவை இறுகும் முன்பே கழற்றி, பொழுது சாய்வதற்குள் சரி செய்துவிட்டார்கள். மேல் தளம் ஏறிய பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! நீ சொன்னது எவ்வளவு சரி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவரைக் காணவில்லை. தப்பைச் சொன்ன மறுநாளே கான்ட்ராக்டர் அவரைப் பலகை வேலையிலிருந்து எடுத்து ஜல்லி சுமக்கப் போட்டுவிட்டாராம். இப்போது கூட்டத்தில் "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் எல்லோரும் சுவரில் ஒட்டிய பிளானையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாளியும் வருவதில்லை, அவருடைய மைத்துனரை அனுப்புகிறார். நாம் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிடும்.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை.

அன்புடன்,
அப்பா


மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தான். உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

சென்ட்ரிங்காரர் விஷயத்தை "மற்றபடி" என்று எழுதித் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. உண்மையைச் சொன்ன மனிதரை ஜல்லி சுமக்க விட்டால் அந்த சைட்டில் இனி யார் வாயைத் திறப்பார்கள்? நல்ல சிமென்ட் வாங்கலாம், நல்ல கம்பி வாங்கலாம், இந்த நம்பிக்கையைக் கடையில் வாங்க முடியாது. கான்ட்ராக்டரிடம் பேசுங்கள். அவர் கேட்காவிட்டால் முதலாளியைப் பாருங்கள். அவர் உங்களைத் தேடி வந்து கூப்பிட்டவர், நீங்கள் சொன்னால் கேட்பார். உங்களுக்குச் சண்டை பிடிக்காது என்று தெரியும். இது சண்டை இல்லை அப்பா.

இன்னொன்று. இரண்டு படிக்கட்டுக்கும் அஸ்திவாரம் போட்டாகிவிட்டதா? மேற்குப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அம்மாவுக்கு முத்தங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 12

அன்பு மகளுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. மழை. அதோடு அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு அலைச்சல். மூட்டில் நீர் கோத்திருக்கிறதாம். இப்போது பரவாயில்லை. எனக்கும் இருமல் வந்து போய்விட்டது.

முதல் தளத்துக்கு கான்கிரீட் போட்ட கதையைக் கேள். காலையில் வானம் வெளேரென்று இருந்தது. பாதி போடும்போது இருட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தினால் நடுவில் ஒட்டுப் பிளந்துவிடும், நிறுத்தாவிட்டால் மழை சிமென்டைக் கரைத்துவிடும். இருக்கிற தார்ப்பாயை எல்லாம் பந்தல் மாதிரிக் கட்டிப் பிடித்துக்கொண்டு போட்டு முடித்தோம். ஷிப்ட் முடிந்து போன மில் பெண்கள்கூட ஓடிவந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். டீச்சர் நனைந்துகொண்டே, "நாங்க படுக்கப்போற இடம் சார், நாங்க பிடிக்காம யாரு பிடிப்பா?" என்றாள். இந்தத் தொழிலில் இவ்வளவு காலத்தில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

தளம் ஒரு கீறல் இல்லாமல் வந்திருக்கிறது. படிக்கட்டும் நன்றாக அமைந்திருக்கிறது. போட்டோ எடுக்கிற பையன் ஊரில் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


ஜூலை 30

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் மூட்டைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று விவரமாக எழுதுங்கள். நான் நலம்.

தார்ப்பாய்க் கதையை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு அந்தக் கடைசி வரியையும் இரண்டு தடவை வாசித்தேன். நான் கேட்டது இரண்டு. நீங்கள் எழுதியிருப்பது 'படிக்கட்டும்'. எந்தப் படிக்கட்டு, கிழக்கா மேற்கா? இன்னொன்று என்ன ஆயிற்று? சென்ட்ரிங்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

உடனே பதில் போடுங்கள்.

மகள்


செப்டம்பர் 9

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு ஆபரேஷன் தேவைப்படாது என்றார்கள். பூச்சு வேலை நடக்கிறது. மேல் மாடியில் நின்றால் நல்ல காற்று. முதலாளியின் மைத்துனர் என் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசினாராம்.

நீ கேட்டதெல்லாம் கடிதத்தில் எழுதுகிற விஷயமில்லை. வரும்போது நேரில் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா


அக்டோபர் 14

அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஊர் வரைக்கும் வந்துவிட்டு வீட்டு வாசலை மிதிக்காமல் திரும்பியதற்கு அவளிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்காக அவள் சமைத்து வைத்திருந்ததாகப் போனில் அழுதாள். அன்றைக்கு என்னால் உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க முடியாது.

நேரில் பேசலாம் என்று எழுதினீர்கள், வந்தேன். நேராக சைட்டுக்கு வந்தேன். மேற்குக் கோடியில் படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில், மாடிக்கு இரண்டாக அறைகள். வெள்ளையடித்து, கதவு வைத்து, எண்ணும் எழுதியாகிவிட்டது. "இது என்னப்பா?" என்று கேட்டேன். நீங்கள் காதைத் தொட்டுக் காட்டி, "சரியா கேக்கலம்மா" என்றீர்கள். நான் இன்னொரு தடவை கேட்கவில்லை.

நீங்கள் தண்ணீர் கொண்டுவரப் போனபோது சென்ட்ரிங்காரர் வந்தார். இன்னமும் ஜல்லிதான் சுமக்கிறார். அவரிடம் கேட்டேன். மே மாதக் கூட்டத்தில் மைத்துனர், "மேக்கால படி எதுக்கு? எடுத்துட்டா மாடிக்கு ரெண்டு ரூம் கிடைக்கும். என்ன சார் சொல்றீங்க?" என்றாராம். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்களாம். "காது மெஷினைக் கழட்டிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, 'நீங்க பார்த்துச் செய்யுங்க'ன்னு சொன்னாரும்மா. அவரே சொன்னப்புறம் நாங்க என்னத்தைச் சொல்ல?" என்றார். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனிகூட இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை வாய் திறந்து பார்த்த மனிதர்.

அங்கிருந்து நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். இது நான் வரைந்த கட்டடம் இல்லை, இதற்கு நான் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்து என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அது இல்லாமல் ஆட்களைக் குடிவைக்க அனுமதி கிடைக்காது. இதை நீங்கள் வேறு யார் மூலமாகவும் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


நவம்பர் 20

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருக்கிறாய் என்று அம்மா போனில் கேட்டுச் சொன்னாள். அவளும் சுகம். என்னோடு மட்டும் அளந்துதான் பேசுகிறாள்.

சென்ட்ரிங்காரர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பூசி மெழுகப் போவதில்லை.

நகராட்சியிலிருந்து வந்து சீல் வைத்துவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டனுப்பினார். மெஷினை மாட்டிக்கொண்டுதான் போனேன். "படிக்கட்டை எடுத்தது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "எனக்குத் தெரியாதே! மச்சான் ரெண்டு ரூம் கூட வருதுன்னு சொன்னாரு, படிக்கட்டை எடுத்துட்டுன்னு சொல்லலியே! மாடிப்படி ஏறி என் ரூமுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன?" என்றார். மே மாதம் அந்தக் கூட்டத்தன்று சாயங்காலம் அவர் வீட்டு வழியாகத்தான் நடந்து வந்தேன். வெளிக்கதவு திறந்துதான் இருந்தது. மைத்துனரைப் பகைத்துக்கொண்டால் மறுபடியும் வீட்டுக்குள் முடங்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். அப்படியே நடந்துவிட்டேன்.

வெளிச் சுவரை ஒட்டி இரும்புப் படிக்கட்டு ஒன்று வைத்துவிடலாம் என்று சொன்னேன். வரைந்தும் காட்டினேன். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பக்கம் லாரி வரணும் மாமா" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆட்கள் தங்காத குடோன் என்றால் சீலை எடுத்துவிடுவார்களாம், அதனால் கட்டடத்தைத் துணி மூட்டை அடுக்கும் குடோனாக வாடகைக்கு விடப் போகிறார்கள். மூட்டைக்கு ஒரு படிக்கட்டு போதும்.

தெருவில் டீச்சரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகத்தான் பார்த்தேன், அவளே வந்தாள். "உங்க பொண்ணு எங்களுக்காகத்தான் செஞ்சாங்க, புரியுது சார். ஆனா நாங்க இன்னும் அந்த ஒத்தக் கதவுக்குள்ளதான் படுத்துக் கிடக்கிறோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதாமல் விடுகிற பழக்கம் இனி வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே. பதில் போடு.

அப்பா


ஜனவரி 23

அன்பு மகளுக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நடுவில் ஒரு கார்டு போட்டேன், அதற்கும் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று அம்மா சொல்வதை வைத்துத் தேற்றிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

குடோன் நிரம்பிவிட்டது. கணக்குப் பார்க்கும் மேஜை ஒன்றைப் போட்டு, என்னை வந்து உட்காரச் சொன்னார் மைத்துனர். மாட்டேன் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டார். இல்லை என்று சொல்வது இவ்வளவுதானா என்று வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் சென்ட்ரிங்காரரும் மில்லுக்குப் பின்னால் அந்தத் தகர ஷெட்டுக்குப் போனோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கதவு இல்லாத கோடியில் தகட்டை அறுத்து, பழைய பலகைகளால் சட்டம் அடித்து, ஒரு கதவு மாட்டினோம். அரை நாள் வேலை. நீ அந்த ஷெட்டைப் பார்த்த வருஷமே செய்திருக்கலாம், தூண் எழும்பிய மாதத்தில் செய்திருக்கலாம். வருஷக்கணக்காக அந்த வழியாகத்தான் நான் போய் வந்திருக்கிறேன், அந்தச் சுவர் என் கண்ணில் பட்டதே இல்லை. கை கோணிய அந்தப் பெண் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தொண்டையில் இறங்கியிருக்காது.

செவ்வாய்க்கிழமை மைத்துனர் அந்தக் கதவுக்கு வெளியிலிருந்து பூட்டுப் போட்டுவிட்டார். பின்வழி இருந்தால் பெண்கள் வேலை நேரத்தில் நழுவிப் போய்விடுவார்களாம். முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். விசாரிக்கிறேன் என்றார்.

நேற்றுக் காலையில் சுத்தியலோடு போய்ப் பூட்டை உடைத்தேன். சாயங்காலம் அதே இடத்தில் அதைவிடப் பெரிய பூட்டு தொங்கியது. இன்று காலை அதையும் உடைத்தேன். இதை எழுதும்போது சென்ட்ரிங்காரர் வந்து, மூன்றாவது பூட்டு போட்டாகிவிட்டது, வாசலில் காவலுக்கு ஆளும் நிற்கிறான் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

நாளைக்கும் போவேன். அம்மா சுத்தியலை ஒளித்து வைத்திருக்கிறாள். எங்கே என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அப்பா